எல்லா வயரும் கருப்பு

உக்காருங்க சார். மருமக இப்ப வந்துரும். பேங்குக்குப் போயிருக்கு, வாற நேரம்தான். நீங்க தென்காசிதானே? ஆஸ்பத்திரி கட்டப் போறீகளாம்லா, சொல்லிச்சு. கட்டுறதுக்கு முன்னாலயே உள்ள நடந்து போய்ப் பாக்க மாதிரி படம் வேணும், அதானே? போட்டுக் குடுத்துரும். அதுல பெரிய கெட்டிக்காரி. சங்கரன்கோவில்ல மட்டும் இல்ல, இந்த வட்டாரத்துலயே அந்த வேலைக்கு வேற ஆளு கிடையாது. மாமனார்ங்கறதுக்காகச் சொல்லல.

ஆனா ஒண்ணு சார். நீங்க பெரிய வேலை குடுக்க வந்திருக்கீக, அதனால சொல்லுதேன். படம் போடுறதுல குத்தமே சொல்ல முடியாது. இந்த வயர் விசயத்துல மட்டும் புள்ளைக்குக் கொஞ்சம் கவனம் பத்தாது. பெரிசா ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்லா, அதனால பயப்பட வேண்டாம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நயினார் சவுண்ட் சர்வீஸ்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல யாரும் சொல்லுவான். ஆறுமுகநயினார். ஆடித்தபசுக்குத் தெருத் தெருவா சீரியல் செட்டு போட்டவன். கல்யாணம், கோயில் கொடை, கட்சி மீட்டிங்கு எல்லாத்துக்கும் நம்ம மைக்குதான். மழையில நனைஞ்சுக்கிட்டே கம்பத்துல ஏறி லைன் எடுத்திருக்கேன். பிளக்கு இருக்காது, ரெண்டு வயரைத் துளையில விட்டு, தீக்குச்சியை வச்சு இறுக்கிட்டு, கச்சேரி விடிய விடிய நடக்கும். இப்ப தொழிலை அக்கா மகன் பாக்கான். கரண்டுங்கறது எங்க போனாலும் கரண்டுதான் சார். மைக்குல ஓடுனாலும் அதான், கம்ப்யூட்டர்ல ஓடுனாலும் அதான். இதை நான் சொன்னா இந்தக் காலத்துப் புள்ளைக சிரிக்கும்.

மருமக பேரு ஆவுடைச்செல்வி. நீங்க போன்ல பேசியிருப்பீக. எம் மகன் நாயகம் மஸ்கட்ல இருக்கான். கல்யாணம் முடிஞ்சதும் அவனோட போயிரும்னு பாத்தோம். அது போகல. "என் வேலை இங்கதான் மாமா, வந்து வந்து பாத்துக்கிடுதோம்"னுட்டுது. எங்களுக்கும் நல்லதாப் போச்சு. மாடியில ஒரு ரூம்பு சும்மா கிடந்துச்சு, நம்ம ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் போட்டு வச்சிருந்த ரூம்பு. அதைக் காலி பண்ணிக் குடுத்தேன். அங்கனதான் கம்ப்யூட்டர் வச்சிருக்கு.

முதல்ல எல்லாம் சின்னச் சின்ன வேலை. ஒரு வீட்டுக்கு முன்பக்கம், ஒரு கடைக்குப் போர்டு, இப்படி. அப்பதான் ராஜபாளையத்துல ஒருத்தரு கல்யாண மண்டபம் கட்டுதேன்னு வந்தாரு. மில்லுக்காரரு. பூமி பூஜை அன்னைக்கு ஊரையே கூப்பிட்டு, பெரிய திரை கட்டி, மண்டபம் இப்படித்தான் இருக்கப் போகுதுன்னு படம் ஓட்டிக் காட்டணுமாம். வாசல்ல நுழையணும், மணமேடையைச் சுத்தணும், பந்தி நடக்க இடத்துக்குப் போகணும், எல்லாம் நம்மளே நடக்க மாதிரி. ஆவுடைக்கு அதுதான் முதல் பெரிய வேலை. அதைச் செஞ்சு நின்னுட்டா பொறவு தன்னால ஆளு தேடி வரும்னு சொல்லும். சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

ஆனா அந்தக் கம்ப்யூட்டர் முக்குச்சு. படத்தைப் போடுறதுக்குக் கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு உண்டு சார். படம் காட்டுறதே அதுதான். பழைய கார்டுல மண்டபத்துக்கு ஒரு மூலை வாறதுக்கே பொழுது போயிரும். அதனால சேத்து வச்சதை எல்லாம் போட்டு ஒரு புதுக் கார்டு வாங்குச்சு. கூடவே எஸ்எம்பிஎஸ்னு ஒரு பெட்டி. வீட்டுக் கரண்டை வாங்கி உள்ள இருக்க ஒவ்வொண்ணுக்கும் பிரிச்சுக் குடுக்குற பெட்டி. பழைய பெட்டி புதுக் கார்டைத் தாங்காதாம்.

பெட்டி முதல்ல வந்துச்சு. அதைப் புள்ளையே மாட்டிட்டுது. ரெண்டு நாள் கழிச்சுக் கார்டு வந்துச்சு பாருங்க, நகைக்கடைப் பெட்டி மாதிரி! திறந்தா உள்ள கருகருன்னு, செங்கல் கனம், மூணு ஃபேனு. கண்ணுல ஒத்திக்கிடுச்சு சார். நான் பாத்தேன்.

"இதை எங்கனம்மா சொருகணும்?"னேன்.

"உள்ள இந்தப் பலகையில மாமா. சொருகுனா மட்டும் போதாது, அந்தப் பெட்டியில இருந்து தனியா வயர் இழுத்து இது தலையில குடுக்கணும். அவ்வளவு கரண்டு குடிக்கும்."

"அவ்வளவுதானா? அஞ்சு நிமிச வேலை"ன்னேன்.

அதுக்குள்ள தென்காசியில இருந்து போனு. அதோட அக்காவுக்கு மறுநாள் வளைகாப்பு. போகாம முடியுமா? பூமி பூஜைக்கு நாள் நெருங்குது, இந்தப் பக்கம் வளைகாப்பு. புள்ள முகமே வாடிப் போச்சு. பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு சொல்லுது: "மாமா, நாளைக்குச் சாயந்தரம் வந்து நானே மாட்டிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் தொட வேண்டாம், என்ன?"

பாருங்க, அந்த அவசரத்துலயும் எனக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்கு. அப்படி ஒரு குணம்.

நானும் சரிம்மான்னேன். பஸ்ஸு ஏத்திவிட்டுட்டு வந்து உக்காந்தா மனசு கேக்கல. இங்க ஒருத்தன் காலமெல்லாம் கரண்டுலயே கிடந்தவன் சும்மா உக்காந்திருக்கான், அங்க புள்ள ஒரு நாள் வீணாப் போகுதேன்னு தவிச்சுக்கிட்டு இருக்கு. வந்ததும் சுவிட்சைப் போட்டா ஓடணும். "யாரு மாமா மாட்டுனா?"ன்னு கேக்கணும். நான் ஒண்ணும் சொல்லாம பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கணும். அப்படி நினைச்சேன். தப்பா சார்?

மறுநாள் காலையில குளிச்சு, திருநீறு பூசி, சாம்பிராணி போட்டுட்டுத்தான் மாடிக்கே போனேன். கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டுல இருக்க கண்ணாடி மூடியைக் கழட்டுனேன். கார்டைப் பலகையில வச்சு அமுக்குனேன், 'டக்'னு உக்காந்துச்சு. ஸ்க்ரூ முடுக்குனேன். இப்ப வயர். தேடுனா வயரைக் காணோம். எஸ்எம்பிஎஸ் கூட ஒரு துணிப்பையில வயர் எல்லாம் வந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். எங்க போச்சு? கீழ வந்து வீட்டுக்காரியைக் கேட்டா, "அதை பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, சாவியைக் கையோட கொண்டுட்டுப் போயிட்டா"ங்கா. பேச்சின்னு பேரு, என் வீட்டுக்காரி.

அவசரத்துல மறந்து பூட்டிட்டான்னு வச்சுக்கிட்டேன். இப்பவும் சொல்லுதேன் சார், அந்தப் பையை மட்டும் வெளிய வச்சிருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா? யோசிச்சுப் பாருங்க.

பரண்ல பழைய எஸ்எம்பிஎஸ் பெட்டி அட்டையோட கிடந்துச்சு. அதுலயும் வயர் உண்டு. எடுத்துப் பாத்தா அதே வயரு. அதே நீளம், அதே மூஞ்சி, எட்டுக் காலு. கார்டுத் தலையில வச்சேன், அச்சுல வார்த்த மாதிரி ஏறிச்சு. மறுமுனை புதுப் பெட்டியில ஏறணும். அது மட்டும் கொஞ்சம் முரண்டு பண்ணுச்சு. ஒரு மூலை லேசா இடிக்கு. அது ஒரு விசயமா நமக்கு? பிளேடை எடுத்து அந்த மூலையைச் சீவுனேன். பொறவு வழிக்கு வந்துச்சு.

இதுல நான் கம்பெனிக்காரனை ஒண்ணு கேக்கணும் சார். எல்லா வயரும் கருப்பு! எட்டு வயரும் கருப்பு! எது பிளஸ்ஸு, எது மைனஸ்ஸு? நம்ம தொழில்ல சிவப்பு ஒண்ணு, கருப்பு ஒண்ணு, தெருவுல போறவனுக்கும் தெரியும். அத்தனையையும் கருப்பா விட்டா மனுசன் என்னத்தக் கண்டான்? அழகுக்காகவாம். கண்ணாடி வழியாப் பாத்தா அழகா இருக்கணுமாம். அழகு.

டெஸ்டர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, சொருகத் தெரிஞ்சவனுக்கு டெஸ்டர் எதுக்கு.

சாமியை நினைச்சுக்கிட்டு சுவிட்சைப் போட்டேன். ஃபேனு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. பொறவு ஒரு சத்தம். பெரிய சத்தம் எல்லாம் இல்ல, நகத்தைச் சுண்டுனாப்ல. அவ்வளவுதான். எல்லாம் அமர்ந்துட்டுது. ஒரு வாடை வந்துச்சு.

கீழ இருந்து பேச்சி சத்தம் போடுதா: "என்னத்தப் பொசுக்குனீக?"

"சாம்பிராணிட்டீ"ன்னேன்.

காப்பி வருது சார். வாங்கிக்கிடுங்க... வை பேச்சி. சாரு தென்காசி. ஆஸ்பத்திரி விசயமா வந்திருக்காக. ஒண்ணும் இல்ல, மழை இல்லையேன்னு பேசிக்கிட்டு இருக்கோம். அங்கயும் மழை இல்லையாம். ஆமா. ஆமா, நீ போ, அடுப்பைப் பாரு.

போயிட்டாளா? சரி. இந்த விசயத்தைப் பேசுனா அவளுக்குப் பிடிக்காது. மருமக மேல அவ்வளவு பாசம்.

எங்க விட்டேன்? ஆங். நான் என்ன செஞ்சேன், கார்டைக் கழட்டி அது வந்த பெட்டியில அதே மாதிரி வச்சேன். வயரைக் கழட்டிப் பரண்ல போட்டேன். மூடியை மாட்டுனேன். எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கணும்ங்கறது நான் தொழில்ல படிச்ச முதல் பாடம். போன் போட்டுச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீக. வளைகாப்பு வீடு சார். நல்ல காரியம் நடக்க இடத்துல போய் அபசகுனமா ஒண்ணைச் சொல்லுறதா? கெட்டுப் போச்சான்னும் நமக்கு உறுதியாத் தெரியாது. சூடு ஆறுனா சரியாயிரும்னு இருந்தேன். மிக்சி அப்படி ஆகும்.

சாயந்தரம் புள்ள வந்துச்சு. கை நிறைய வளையலு. மூஞ்சியைக் கூடக் கழுவல, நேரா மாடிக்குப் போயிட்டுது. நான் பின்னாலயே போய் நின்னேன். பீரோவைத் திறந்து துணிப்பையை எடுத்துச்சு. கார்டை மாட்டுச்சு, வயரைச் சொருகுச்சு, சுவிட்சைப் போட்டுச்சு. ஒண்ணும் இல்ல. திரை கருப்பா நிக்கு. கழட்டுச்சு, மறுபடி மாட்டுச்சு. இல்ல. மறுபடியும். இல்ல.

அப்படியே தரையில உக்காந்துட்டுது சார். வளையலை எல்லாம் முழங்கைப் பக்கம் ஏத்தி விட்டுக்கிட்டுது. கார்டைத் திருப்பி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துச்சு. சொருகுற வாயில ஒரு ஓரம் கருகியிருக்கு. மோந்து பாத்துச்சு. பொறவு தரையைப் பாத்துச்சு. அங்க கருப்பா ரெண்டு மூணு சீவல் கிடந்துச்சு, பிளாஸ்டிக்கு. விரல்ல ஒத்தி எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு என்னைப் பாக்கு.

"மாமா, இது என்னது?"

"எலியா இருக்கும்மா"ன்னேன்.

நம்ம வீட்டுல எலி உண்டு சார். இல்லைன்னு சொல்ல முடியாது.

அது நேரா பரண்ல ஏறிப் பழைய வயரை எடுத்துப் பாத்துச்சு. மூலை சீவுன இடத்தைத் தடவிப் பாத்துச்சு. நான் தொட்டேன்னும் சொல்லல, தொடலைன்னும் சொல்லல. "கரண்டு விசயம், யாரு கண்டா"ன்னு பொதுவா ஒரு வார்த்தை சொன்னேன்.

அதே நேரத்துல நாயகம் மஸ்கட்ல இருந்து வீடியோவுல வந்துட்டான். கார்டு மாட்டியாச்சான்னு கேக்கத்தான் வந்திருக்கான். எரிஞ்சு போச்சுன்னதும் அவன் குதிக்கான். என் புள்ளதான், ஆனா கோவத்துல மனுசனா இருக்க மாட்டான். "யாரு தொட்டா? அப்பா தொட்டாரா? சொல்லு, அப்பாதானே? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா"ங்கான். பெத்த தகப்பனை எடுத்த எடுப்புலயே சந்தேகப்படுதான் பாருங்க சார்! பேச்சி வாசப்படியில நிக்கா. நான் சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

ஆவுடை கையில இருந்த பழைய வயரைச் சுருட்டிக் கீழ வச்சுது. பொறவு சொல்லுது: "மாமா இல்லைங்க. நான்தான். பழைய பெட்டியோட வயரைப் புதுப் பெட்டியில மாத்திச் சொருகிட்டேன்."

"உனக்குத் தெரியாதா?"ன்னு அவன் கத்துதான்.

"தெரியும். கார்டுப் பக்கம் எல்லா வயரும் ஒண்ணுதான். பெட்டிப் பக்கம் எந்தக் கால்ல பிளஸ்ஸு, எந்தக் கால்ல மைனஸ்ஸுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்க ஒரே மாதிரி இருக்கும். அவசரத்துல பாக்காம விட்டுட்டேன். விடுங்க."

தன் வாயாலயே சொல்லிட்டுது சார். நான் கேக்கல, யாரும் வற்புறுத்தல. எனக்கு அப்பதான் உயிரே வந்துச்சு. பாத்தீகளா? நான் மாட்டுனப்ப ஏதோ லேசா ஒரு தட்டுத் தட்டியிருக்கும், அவ்வளவுதான். பொறவு புள்ள வந்து மூணு தடவை கழட்டிக் கழட்டி மாட்டுச்சுல்லா, அதுல எங்கயோ மாத்திச் சொருகியிருக்கு, அதுலதான் கார்டு முழுசாப் போயிருக்கு. படிச்ச புள்ள, அதுக்குத் தெரியாமலா சொல்லும்?

நான் ஒரு வார்த்தை திட்டலையே. தோளைத் தட்டி, "போகட்டும்மா, எல்லாருக்கும் வாறதுதான்"னேன். அது என்னை நிமிந்து பாத்துச்சு. சிரிக்க வந்த மாதிரியும் இருந்துச்சு, அழ வந்த மாதிரியும் இருந்துச்சு. அந்த வயசு அப்படி.

கடைக்காரன்கிட்ட மாத்திக் கேப்போம், நான் வந்து பேசுதேன்னு சொன்னேன். மைக் செட்டுக்காரன் தொண்டை சார் இது, நான் பேசுனா கடையே கூடிரும். புள்ள கேக்கல. போன்ல அவன்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிருச்சு, தப்பான வயரைச் சொருகுனதுல எரிஞ்சுட்டுதுன்னு. அவன் கையை விரிச்சுட்டான். பிழைக்கத் தெரியாத புள்ள. புதுசு இன்னொண்ணு வாங்கவும் அப்ப வழியில்ல.

பூமி பூஜை வருது. என்ன செய்ய? பழைய கார்டையே மாட்டி, படத்துல பாதியைக் குறைச்சு, ராப்பகலா ஓட விட்டுது. மேல இருந்து தொங்குற சரவிளக்கு இல்ல, பந்தியில ஆளு இல்ல, தரையில பளபளப்பு இல்ல. நடுவுல ஒரு தடவை கரண்டு ஆடுனாக்கூட முதல்ல இருந்து ஓட்டணுமாம். மிக்சி போடக் கூடாது, கிரைண்டர் போடக் கூடாது, பேச்சி அம்மியில அரைச்சா. அப்பதான் ஆவுடை என்கிட்ட வந்து சொல்லுது: "மாமா, உங்களால எனக்கு ஒரு உதவி வேணும். வேற யாராலயும் முடியாது."

"சொல்லும்மா, மாடிக்கு வரவா?"ன்னேன்.

"வேண்டாம் மாமா. நீங்க வாசல்ல மீட்டர் பெட்டிகிட்டயே இருக்கணும். யாரும் மோட்டார் போட்டுறாம, மெயினை யாரும் தொட்டுறாம பாத்துக்கிடணும். நீங்களும் தொட வேண்டாம், பாத்துக்கிட்டா மட்டும் போதும்."

பாருங்க சார், எவ்வளவு பெரிய பொறுப்பை நம்பிக் குடுத்துச்சு! நான் நாற்காலியைப் போட்டு உக்காந்தவன்தான், சாப்பாடு கூட அங்கனயே. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணி மோட்டார் போட வந்தான், விரட்டிட்டேன். சொல்லப் போனா அந்தப் படம் முடிஞ்சதே அதனாலதான்.

பூமி பூஜை அன்னைக்கு எல்லாரும் போனோம். பந்தல் போட்டு, திரை கட்டி, ஊரே கூடியிருக்கு. படம் ஓடுச்சு. வாசல்ல கோலம், தூணு, மணமேடை, அப்படியே உள்ள போறோம் சார்! எனக்கே மெய் சிலிர்த்துட்டுது. சனங்க கை தட்டுது. மில்லுக்காரரு முகத்துல மட்டும் ஒரு இது. முடிஞ்சதும் கிட்ட வந்து, "நல்லாருக்கும்மா. ஆனா நாம பேசுன சரவிளக்கைக் காணோமே, ஆளுக நடமாட்டத்தைக் காணோமே?"ன்னாரு. சுத்தி அவரு சொந்தக்காரங்க, இஞ்சினியரு எல்லாம் நிக்காக. ஆவுடை பதில் சொல்ல வாயெடுக்கு. பாவமா இருந்துச்சு. புள்ளையைத் தனியா விடக் கூடாதுன்னு நான் முன்னால போனேன்.

"ஐயா, குறையா நினைக்கக் கூடாது. புதுக் கார்டு வாங்குச்சு, வயரை மாத்திச் சொருகி எரிச்சுட்டுது. சின்னப் புள்ள, அனுபவம் பத்தாது. இனிமே நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்"னு எல்லாருக்கும் கேக்க மாதிரி சொன்னேன். மைக் செட்டுக்காரன் தொண்டைன்னேன்லா.

 இஞ்சினியரு லேசாச் சிரிச்சாரு. மில்லுக்காரரு மருமகளைப் பாத்து, "அப்படியாம்மா?"ன்னாரு.

புள்ள என்னைப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. பொறவு அவரைப் பாத்து, "ஆமா சார்"னுச்சு.

அவ்வளவுதான். ஒரு வார்த்தையில முடிஞ்சு போச்சு. நான் நல்ல நேரத்துல பேசுனதாலதான் பெரிசாகலைன்னு நினைக்கேன். வாற வழியில காருக்குள்ள எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டே வந்தாக. களைப்பு. பேச்சி அதுக்குப் பொறவு எத்தனையோ நாளு என்கிட்ட முகம் குடுத்தே பேசல. கேட்டா பல்லு வலிங்கா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, இது ஆஸ்பத்திரியில தீராதுங்கா.

மாடி ரூம்புக்குப் பூட்டு வந்துச்சு. தூசி ஆகாதாம் அந்த மிசினுக்கு. எலித் தொல்லை வேற. சாவி பேச்சி இடுப்புல இருக்கு. நான் கேக்கவும் இல்ல, அவ குடுக்கவும் இல்ல.

ஒரு நாள் மத்தியானம் சோத்துக்குப் போறேன், அடுக்களையில ரெண்டு பேரும் பேசுதாக. பேச்சி கேக்கா: "நீ எதுக்கும்மா அத்தனையையும் உன் தலையில போட்டுக்கிட்ட? ராஜபாளையத்துலயாவது சொல்லியிருக்கலாம்லா?" அதுக்கு ஆவுடை சொல்லுது: "கரண்டு தெரியும்ங்கறது ஒண்ணுதான் அத்தை மாமாகிட்ட மிச்சம் இருக்கு. அதையும் பிடுங்கிட்டா அவுகளுக்கு என்ன இருக்கு?"

கேட்டீகளா சார்? நான் அப்படியே நின்னுட்டேன். கரண்டு எனக்குத் தெரியும்னு அதுவே சொல்லுது! என் முன்னால சொல்லாது, கூச்சம். பின்னால பெருமையாப் பேசுது. எந்த வீட்டுல சார் மருமக இப்படிப் பேசுவா?

...

அன்னைக்குச் சோறு இறங்கல. வெயிலு அப்படி.

இப்ப நான் அக்கம்பக்கத்துல மிக்சி, அயர்ன் பாக்குறதை எல்லாம் விட்டுட்டேன் சார். போன வாரம் கூட எதிர்த்த வீட்டுல ஃபேனு ஓடலைன்னு கூப்பிட்டாக. அக்கா மகனைக் கூப்பிடுங்கன்னுட்டேன். நேரம் எங்க இருக்கு. டெஸ்டரும் எங்கயோ வச்சிட்டேன். தேடல.

மில்லுக்காரரு பொறவு கூப்பிட்டு, மிச்சத்தையும் முடிச்சுக் குடும்மான்னு வேலை குடுத்தாரு. அவரு சொல்லித்தானே உங்களுக்கும் தெரியும்? அதுல புதுக் கார்டும் வாங்கிட்டுது. எப்படி மாட்டுச்சு, எந்த வயரைச் சொருகுச்சு, எனக்குத் தெரியாது. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து வேலையை முடிச்சுட்டுது. வந்து பாத்தா ஓடிக்கிட்டு இருக்கு. சத்தமே இல்ல. ஜன்னல் வழியாப் பாத்தேன், எல்லா வயரும் கருப்பு, வரிசையா, அழகாத்தான் இருக்கு.

அந்தா, வண்டிச் சத்தம் கேக்கு. மருமகதான். சார், ஒரு விசயம். நான் சொன்னதை அதுகிட்டக் கேட்டுறாதீக. அது செஞ்ச தப்பை இன்னொருத்தரு வாயால கேட்டா புள்ளைக்கு மனசு சங்கடப்படும். இந்த வீட்டுல நான் அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசுனது கிடையாது. பேசவும் மாட்டேன். நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்.

வாம்மா. சாரு வந்து கொஞ்ச நேரம் ஆகுது. காப்பி குடுத்தாச்சு. சும்மா மழை விசயம் பேசிக்கிட்டு இருந்தோம்... பேச்சி, சாவியைக் குடு, சாரு மேல போகணும்.

போங்க சார், செருப்பை இங்கனயே விட்டுட்டுப் போங்க. படி கொஞ்சம் செங்குத்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கிடுங்க. மேல போனதும் அந்த மண்டபத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க, இப்ப சரவிளக்கெல்லாம் எரியுதாம்.

இல்ல சார், நீங்க போங்க. நான் இங்கனயே இருக்கேன்.